கதவைப் பற்றி ஒரு பாட்டு

என் மச்சினனின் புதிய ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். அதில் ஏழாவது பாட்டில் 'போயிரு' என்ற சொல் பதினோரு முறை வருகிறது. நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு நூற்பாலையின் ஸ்டோர்ஸில் பெல்ட்டும் பேரிங்கும் பாபினும் எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன். எண்ணாமல் எதையும் கேட்கவோ பார்க்கவோ எனக்கு வராது. அது என் மனைவிக்குப் பிடிக்காது. மச்சினனுக்கும் பிடிக்காது.

மச்சினன் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. இந்த ராஜபாளையத்தில் பிறந்து, பெங்களூருக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு கிட்டாரைப் பிடித்துக்கொண்டவன். முதலில் ஆங்கிலத்தில் பாடினான். பிறகு தமிழில் ராக் பாடினான். தோள் வரை முடி. மேடையில் அவன் கத்துகிற கத்தலுக்கென்றே கூட்டம் வந்த காலம் உண்டு. அவன் கடைசியாகப் போட்ட ஆல்பத்துக்கும் இதற்கும் நடுவில் என் பேரன் பிறந்து கல்லூரியையே முடித்துவிட்டான். இணையத்தில் ரசிகர்கள் 'எப்போது, எப்போது' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். மனைவி இறந்த பிறகுதான் திரும்ப எழுத ஆரம்பித்தான். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டான். முடி இன்னும் தோள் வரை இருக்கிறது. முழுக்க வெள்ளை.

அவன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சென்னை ரயிலில். ஒரு பை, ஒரு கிட்டார். மறுநாள் சாயங்கால ரயிலுக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தான். வந்த காரியத்தைக் குளித்துவிட்டு உட்கார்ந்ததுமே என்னிடம் சொன்னான்.

"அத்தான், எல்லாப் பாட்டும் முடிஞ்சிருச்சு. ஏழாவது மட்டும் அக்கா கேக்கணும். அது அக்காவப் பத்தினது. அவ வேண்டாம்னா எடுத்துருவேன்."

"எடுத்தா எட்டு ஆயிருமேப்பா."

"எட்டுன்னா எட்டு. ஆனா அது இல்லேன்னா மத்ததுக்கு அர்த்தம் கிடையாது. அதுல இருந்துதான் மத்த எட்டும் வந்துச்சு."

என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இளவயதில் அவன் வேற்று மதத்துப் பெண்ணைப் பெங்களூரில் கல்யாணம் செய்துகொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு ஒரு ராத்திரி கடைசி பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி கதவைத் திறக்கவில்லை. 'போயிரு' என்றாள். நான் வெக்கைக்கு மொட்டை மாடியில் படுத்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. காலையில்தான் சொன்னாள். இந்தத் தெரு வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு வன்னியம்பட்டிக்குப் போயிருந்த என் மாமனார் அன்றைக்கு வந்து இங்கே படுத்திருந்தார். மகன் கண்ணில் பட்டால் அவனை வெட்டுவேன், இல்லையென்றால் நான் தூக்கில் தொங்குவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். ரெண்டில் ஒன்றைச் செய்யக் கூடியவரும்கூட. அவருக்குப் பயந்து திறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். மேலே கேட்கவில்லை. மாமனார் இறந்தபோது மச்சினன் தனியாக வந்து காரியம் செய்தான். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை வந்தான். எல்லாம் தனியாகத்தான். அவன் மனைவி அந்த ராத்திரிக்குப் பிறகு இந்த வாசலுக்கு வரவே இல்லை. என் மனைவி அவளை போட்டோவில் பார்த்ததோடு சரி.

வந்த அன்று என் மனைவி பாட்டைக் கேட்கவில்லை. தோசை சுட்டாள். மதியம் குழம்பு வைத்தாள். "செத்த நேரம் இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம். அவனும் விடவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அன்று ராத்திரி பொங்கல் சாட்டினார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் ஒரு செவ்வாயில் சாட்டப்படும், அதாவது அறிவிக்கப்படும்; அடுத்த செவ்வாயில் நடக்கும். பூசாரி கொட்டோடு தெருவைச் சுற்றி வந்து சாட்டிவிட்டால், தெருவின் இரண்டு முனையிலும் வேப்பிலைத் தோரணம் ஏறிவிடும். அன்று ராத்திரி அந்தத் தெருவில் படுத்தவர்கள், விருந்தாளியாக இருந்தாலும், பொங்கல் முடிகிற வரை வேறு எங்கும் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்கத் தெருவுக்கு வந்துவிட வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் மீறியதும் இல்லை. எதிர்வீட்டு மாப்பிள்ளை ஒருவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து இதில் மாட்டி, லீவு முடிந்தும் போகாமல் தண்டனை வாங்கியிருக்கிறார்.

மறுநாள் காலை மச்சினன் பையைக் கட்டினான். என் மனைவி வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்புதே?"

"ரயிலுக்குக்கா. சாயங்காலம்."

"நேத்து ராத்திரி எங்க படுத்தே?"

அவன் யோசித்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை சென்னையில ஸ்டூடியோ இருக்கு."

"ஸ்டூடியோ ஆத்தாவுக்குத் தெரியுமா? பொங்கல் முடியட்டும், போ."

"நான் இதெல்லாம் நம்புறவன் இல்லைன்னு ஒனக்குத் தெரியும்."

"நீ நம்ப வேண்டாம்லே. நான் நம்புதேன். நீ போய் ஒனக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ரத்த அழுத்த மாத்திரையைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். டிக்கெட் ரத்து செய்ய வேண்டும், சென்னைக்குச் சொல்ல வேண்டும், இவனுக்கு வாரம் முழுக்கத் துவைத்துப் போட வேட்டி எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கவலை எல்லாம் எனக்குத்தான். அவர்கள் இருவரும் பத்து நிமிஷத்தில் சமாதானமாகிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் இருக்கச் சம்மதித்ததில் ஒரு நிபந்தனை இருந்தது. பாட்டைக் கேட்க வேண்டும். "கேக்கேன், கேக்கேன்" என்றாள். வியாழக்கிழமை போயிற்று. தெருவில் ஏழு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காலை முதல் அம்மன் பாட்டு. அதைச் சாக்காக வைத்து, "இந்த இரைச்சல்ல என்ன கேக்கும்?" என்றாள்.

என்னிடம் தனியாகச் சொன்னாள். "ஊரெல்லாம் கேக்கப் போற பாட்டுல நான் கதவ அடைச்சேன்னு வந்தா, நம்ம சம்பந்திக்காரவுக என்ன நெனைப்பாவ? கூடப் பொறந்தவனையே தொரத்தினவ, மருமவனை என்ன செய்வான்னு நெனைக்க மாட்டாவளா?"

எங்கள் மகளைத் திருவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி அம்மாள் கொஞ்சம் வாய்க்காரி.

"பாட்டுல உன் பேரு வராதே."

"அக்கான்னு வருமில்லா? அவனுக்கு எத்தனை அக்கா?"

நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர்காரர்கள் சாப்பிடப் போனார்கள். தெரு சட்டென்று அமைதியானது. மச்சினன் ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டான். அவள் கையில் வெங்காயத்தோடு நின்றாள். போகவில்லை.

முதலில் கிட்டார் மட்டும். பிறகு அவன் குரல், வயதான குரல், பேசுகிற மாதிரி. கடைசி பஸ், இருட்டு, கையில் ஒரு பெட்டி, பக்கத்தில் புதுப் பெண். அக்கா வீட்டுக் கதவு. பிறகு டிரம்ஸ் முழுவதும் இறங்கியது, அவன் 'போயிரு' என்று கத்தினான். எங்கள் கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகு பத்து முறை. எனக்கு அந்த மாதிரிப் பாட்டுப் பிடிக்காது. இருந்தாலும் கடைசி வரை எண்ணிவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் என் மனைவி வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"எல்லாம் சரி. ஆனா தப்பு."

"என்ன தப்பு?"

"நீ அப்பாவுக்குப் பயந்து நான் அடைச்சேன்னு பாடுதே."

"வேற எதுக்கு?"

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பொங்கல் சாட்டின ராத்திரிலே."

மச்சினன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான்.

"வேற நாளா இருந்தா பின்வாசல் வழியாக் கூட்டிட்டு வந்து, ரெண்டு பேருக்கும் சோறு போட்டு, நெல்லுக் குதிருக்குப் பின்னாடி படுக்க வச்சு, வெள்ளன முத பஸ்ஸுக்கு அனுப்பிருப்பேன். அப்பா எந்திரிக்கதுக்குள்ள நீங்க சிவகாசி தாண்டிருப்பீய. சாட்டின ராத்திரி உள்ள படுத்துட்டா? எட்டு நாள் ஒங்க ரெண்டு பேரையும் நான் எங்க ஒளிச்சு வைக்க? அப்பாவும் போக முடியாது. நீயும் போக முடியாது. ஒரே வீட்டுல. யாராவது ஒருத்தர் பொணமாத்தான் போயிருப்பீய. தலையை வாசலுக்குள்ள வைக்க விடக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லணுமா? நீ இந்தத் தெருவுல பொறந்தவன் இல்லையா? தெரு முக்குல வேப்பிலை தொங்குச்சே, பாக்கலியா? பாத்திருப்பே, புரிஞ்சிருக்கும், அதான் மறுபடி கதவைத் தட்டாம பேசாமப் போயிட்டேன்னு நான் இருந்தேன். இத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தேன்."

அவன் லேப்டாப்பை மூடினான்.

"பாத்தேன்க்கா. அவ தலையில உரசுச்சு. இது என்னன்னு கேட்டா. ஏதோ திருவிழான்னு சொன்னேன். அம்புட்டுத்தான் தோணுச்சு."

எனக்கும் அன்று அது தோன்றவில்லை. நான் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரன். எங்கள் ஊரில் இந்த வழக்கம் இவ்வளவு கட்டாயம் கிடையாது. ஆனால் அவன் இதிலேயே பிறந்து வளர்ந்தவன். பெங்களூருக்குப் போன சில வருஷத்தில் அது அவன் தலையிலிருந்து போய்விட்டது. அவன் மறந்திருப்பான் என்று இவளுக்குத் தோன்றவில்லை. ஒரே ராத்திரியைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரு நினைப்பு, இவளுக்கு வேறு நினைப்பு. யாரும் யாரையும் கேட்டதில்லை.

"அந்தப் பிள்ளை?" என்று என் மனைவி கேட்டாள். "அவகிட்டயாவது பொறவு சொன்னியா?"

"என்னத்தைச் சொல்ல? எனக்கே தெரியாதே."

"அப்போ அவளும் நான் தொரத்திட்டேன்னே நெனச்சுட்டாளா?"

அவன் தலையாட்டினான். பிறகு, சொல்லத் தேவையில்லாத ஒன்றையும் சொல்லிவிட்டான். பெங்களூர் வீட்டில் குளியலறைக் கதவு மழைக்காலத்தில் உப்பி, இழுத்தால் வராதாம். அப்போதெல்லாம் அவள், "இது ஒங்க அக்கா கதவு" என்பாளாம். சிரித்துக்கொண்டேதான் சொல்வாளாம். கடைசி வரைக்கும் சொன்னாளாம்.

என் மனைவி வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை. நானும் அவனும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை காலை மச்சினன் சென்னைக்கு போன் செய்து, ஏழாவது பாட்டு வேண்டாம், எட்டாகப் போடுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் இருப்பவர் அவனுடைய ஒலிப்பதிவுக்காரர். அவர் கெஞ்சுவது எனக்கே கேட்டது. என் மனைவி வந்து அவன் கையில் இருந்த போனை அப்படியே கீழே இறக்கினாள்.

"எதுக்கு எடுக்கே?"

"தப்புன்னு நீதானே சொன்னே."

"எனக்குத் தப்பு. அந்தப் பிள்ளைக்கு அது அப்படித்தானே? அவ அதோடதானே போயிருக்கா. எடுத்துட்டா அவ நின்னது இல்லேன்னு ஆயிருமா?"

"அப்போ அப்படியே இருக்கட்டுமா?"

"அப்படியே எப்படி இருக்கும்? நான் கத்தலை. நீ என்னமோ சாமியாடி மாதிரிக் கத்துதே. அப்பா முன்னறையில படுத்திருக்காவ. நான் எப்படிலே கத்த முடியும்?"

இந்த இடத்தில் நானும் என் கருத்தைச் சொன்னேன். "பதினோரு தடவை வருது. அவ சொன்னது ஒரு தடவை. கணக்கே உதைக்குதே."

மச்சினன் என்னைப் பார்த்தான். "சொன்னது ஒரு தடவைதான் அத்தான். எனக்குக் கேட்டது அப்படியா?"

அதோடு நான் விட்டுவிட்டேன்.

அவர்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் 'போயிரு' அவள் சொன்ன மாதிரி இருக்கும். மற்ற பத்தும் அவன் கேட்ட மாதிரி. ஆனால் அதைப் பாடிப் பதிய வேண்டும். மைக்கும் அதை லேப்டாப்போடு சேர்க்கிற சின்னப் பெட்டியும் அவன் பையில் எப்போதும் இருக்கும். தெருவில்தான் ஏழு குழாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் பஸ் ஏறித் திருவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்குப் போனோம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று நான் போகும்போதே நாலு பஸ்ஸின் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டேன்.

மகள் வீட்டு மாடி அறையில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, மின்விசிறியை அணைத்து, மச்சினன் உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது. சம்பந்தி அம்மாளை வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அவர் நாற்காலி போட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்?

"அக்கா, நீ ஒரு தடவை சொல்லிக் காட்டு. அதே மாதிரி பாடுறேன்."

"அந்த வார்த்தைய இன்னொரு தரம் என் வாயால சொல்ல மாட்டேன். நீ பாடு. நான் சொல்லுதேன்."

அவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடினான். அவள் உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினாள். திரும்பப் பாடினான். இன்னும் தாழ்த்தினாள். எழுபது வயதுக்கு மேல், மேடையில் கத்தியே பேர் வாங்கியவன், அக்கா கையைப் பார்த்துப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டே போனான். எட்டாவது முறை பாடியபோது எனக்குக் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதைச் சென்னைக்கு அனுப்பினான். அரை மணியில் ஒலிப்பதிவுக்காரர் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"சார், அந்த எடத்துல டிரம்ஸ் ஃபுல்லா அடிக்குது. இந்த வாய்ஸ் நிக்கவே நிக்காது."

"டிரம்ஸை எடுத்துருங்க."

"எடுத்தா அந்த எடம் காலியாயிரும் சார். பாட்டோட உயிரே அங்கதான். பசங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காலியா இருக்கட்டும். வேற எதையும் போட்டு நெரப்பிராதீங்க."

சம்பந்தி அம்மாள் அதுவரை பொறுமையாக இருந்ததே பெரிய விஷயம். போனை வைத்ததும் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன் மதினி, ஒங்க தம்பி நல்லாத்தானே கத்துவாவ? நம்ம பேரன் போன்ல போட்டுக் காட்டிருக்கான். இதுல எதுக்கு இம்புட்டு மெதுவா? யாரு யாரைப் போகச் சொல்லுதா?"

நான் குறுக்கே விழுந்து, அது சும்மா ஒரு கற்பனை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்.

"நான்தான் மதினி. இவனும் இவன் பெஞ்சாதியும் கல்யாணம் முடிச்சுட்டு ராத்திரியில வந்தாவ. உள்ள அப்பா இருந்தாரு. கதவைத் தொறக்காம போயிருன்னு சொல்லிட்டேன்."

மகள் வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். சம்பந்தி அம்மாள் தன் தம்பிமார்களுக்கெல்லாம் பெண் பார்த்து முடித்தவர் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது; இதைப் பொறுக்க மாட்டார்.

"பொங்கல் சாட்டின ராத்திரி அன்னைக்கு," என்றாள் என் மனைவி.

"சாட்டின ராத்திரியா?" சம்பந்தி அம்மாள் உடனே தலையை ஆட்டினார். "பொறவு எப்படித் தொறக்க முடியும்? உள்ள விட்டா எட்டு நாள்லா கெடக்கணும்."

என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தான்.

"அந்தப் பிள்ளைக்கு அது தெரியாதுல்ல மதினி," என்றாள் என் மனைவி. "அவ பெங்களூர்க்காரி. எட்டு நாள் கெடந்தாலும் கெடக்கட்டும்னு ஒரு தடவை கூப்புட்டுருக்கலாம். கதவுக்கு வெளியில வந்து நின்னாவது மொகத்தைப் பாத்திருக்கலாம். தோணலை."

மகள் காப்பியைக் கொடுத்தாள். மச்சினன் வயர்களைச் சுருட்டினான். மெத்தையை நானும் மருமகனும் பழைய இடத்தில் போட்டோம். சாயங்காலம் கோயில் கூட்டம் பஸ்ஸில் ஏறிவிடும் என்று நான் அவசரப்படுத்தினேன். என் மனைவி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. தம்பியிடம் போனைக் கேட்டு வாங்கி, அதில் இருந்த அவன் மனைவியின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்ல ஒசரமா?" என்று கேட்டாள்.

"என்னைவிட ஒசரம்க்கா," என்றான். "அதான் வேப்பிலை உரசுச்சு. எனக்கு உரசலை."